முக்குக் கடையும் ஒன்பதாம் நம்பரும்

பூபதிராஜாவின் கடையைப் பார்த்தாலே சென்னிமலைக்கு வயிறு எரியும். ஆளைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எரியும். இது ஆலாம்பாறை முழுக்கத் தெரிந்த விஷயம். பூபதிராஜாவுக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் ஒரு நாளும் முகத்தில் காட்டிக்கொண்டது கிடையாது. அந்தக் காட்டிக்கொள்ளாத குணம் இருக்கிறதே, அதுதான் சென்னிமலைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.

ஆலாம்பாறை, மலையாளப் பக்கத்துச் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கடைசி. பஸ் ஸ்டாப்பில் நின்று பீடி பற்றவைத்து வீசினால் தீக்குச்சி தமிழ்நாட்டில் போய் விழும் என்று விளையாட்டாகச் சொல்லுவார்கள். அந்த பஸ் ஸ்டாப்பை ஒட்டித்தான் பஞ்சாயத்து கட்டிவிட்ட ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் இருந்தது. பேர் பெரிசாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம். ஒரு வரிசைக் கடைகள், மேலே கான்கிரீட் கூரை, முன்னால் ஆள் நிற்க ஒரு வராந்தா. அவ்வளவுதான். வரிசை திரும்புகிற முக்கில் பூபதிராஜாவின் பலசரக்குக் கடை. அதை ஒட்டினாற்போல் சென்னிமலையின் மாட்டுத் தீவனக் கடை.

முக்குக் கடைக்கு இரண்டு ஷட்டர். ஒன்று சித்தூர் ரோட்டைப் பார்க்கும், இன்னொன்று செக்போஸ்ட் ரோட்டைப் பார்க்கும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அது. மழை வந்தால் ஜனம் ஒதுங்குவதும் அங்கேதான். ஒதுங்கினவன் சும்மா நிற்பானா, ஒரு கடலைமிட்டாயாவது வாங்குவான். சென்னிமலை தன்னுடைய ஒற்றை ஷட்டருக்குள், புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி, பக்கத்துக் கடையில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், பையில் என்ன போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் கொடுமை என்னவென்றால், கட்டிடம் புதிதாக இருந்த காலத்தில் முக்குக் கடை வேண்டுமா என்று முதலில் கேட்டது சென்னிமலையைத்தான். "மேக்கு வெயில் மூஞ்சில அடிக்கும், எனக்கு வேண்டாமுங்க" என்று சொன்னவர் அவரேதான். அதை வேறு யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அவர் மறக்கவில்லை.

நாளாக நாளாக அந்த இடத்துக்கே "பூபதி முக்கு" என்று பேர் விழுந்துவிட்டது. பஸ் கண்டக்டர் "பூபதி முக்கு எறங்கு" என்றுதான் கூவுவான். சென்னிமலையின் வீட்டுக்கு வழி கேட்டால்கூட "பூபதி முக்குல எறங்கித் தெக்கால போங்க" என்பார்கள். கோழித்தீவனக் கம்பெனிக்காரன் சென்னிமலைக்கு இலவசமாக எழுதிக்கொடுத்த போர்டில், கடைப் பேருக்குக் கீழே "பூபதி முக்கு, ஆலாம்பாறை" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான். இலவசம் என்பதால் அழிக்கவும் மனசு வரவில்லை. தன் கடை வாசலில் தினமும் காலையில் அவன் பேரைத் துணியால் துடைத்து வைக்கும்படி ஆயிற்று.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது கூரை பெயர ஆரம்பித்தது. கம்பி பல்லைக் காட்டியது. ஒரு மழைக்காலத்தில் ஒரு காரைக்கட்டி விழுந்து, காளிச்சாமியின் டீக்கடையில் வடைத்தட்டு நசுங்கியது. காளிச்சாமி வியாபாரிகள் சங்கத் தலைவர். தலைவரின் வடைமேலேயே விழுந்ததால் விஷயம் சீக்கிரம் நகர்ந்தது. பஞ்சாயத்து, பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு மாடியோடு புதிதாகக் கட்டுவதென்று முடிவு செய்தது. பழைய வியாபாரிகள் எல்லாருக்கும் கீழ்த்தளத்தில் இடம் உண்டு. எந்தக் கடை யாருக்கு என்பதை நறுக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். சீட்டுக் குலுக்குவதை எங்கள் பக்கம் நறுக்கு என்றுதான் சொல்லுவோம், மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல்.

"நறுக்கா?" என்று சென்னிமலை காளிச்சாமியிடம் மறுபடி மறுபடி கேட்டார். "அப்ப முக்கு ஆருக்கு வேணும்னாலும் உளுகலாமா?"

"ஆருக்கு வேணும்னாலும் உளுகலாமுங்க."

"எனக்குக்கூடவா?"

"உங்களுக்கு மட்டும் உளுகாதுன்னு சட்டமா போட்டிருக்காங்க? டீ ஆறுது, குடிங்க."

அன்று ராத்திரி சென்னிமலை வழக்கத்தைவிட ஒரு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

இடிக்கிற அன்று மண் வாருகிற ஜேசிபி வந்தது. அது முதல் கையை வைத்தது முக்குக் கடைமேல். ஊரே போனைத் தூக்கிப் படம் எடுத்தது. இரண்டாவது கடைக்கு ஜேசிபி வரும்போது பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"பாத்தியா வள்ளி," என்றார் சென்னிமலை மனைவி வள்ளியாத்தாளிடம். "இடிக்கறதுல கூட அவனுக்குத்தான் மொத மரியாதை."

"நல்லாயிருக்குதுங்க உங்க கணக்கு. உங்க கடையை மொதல்ல இடிக்கோணும்னு ஒரு மனு எழுதிக் குடுத்திருக்கலாம்."

கட்டிடம் எழும்புகிறவரைக்கும் எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். அங்கேயும் பக்கத்துப் பக்கத்தில்தான் இடம். நடுவில் ஒரு தகரம் மட்டும். பூபதிராஜா தும்மினால் இங்கே தவிடு பறக்கும். அந்தத் தகரக் கொட்டகைக் காலத்தில்தான், பூபதிராஜாவின் மகன் பிரதீப்புக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பையன் தங்கமானவன். பால் சொசைட்டியில் வேலை, வாயில் கெட்ட வார்த்தை வராது, அப்பன் சொல்லைத் தட்டமாட்டான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருத்தர் காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் காரைப் பார்த்ததும் சென்னிமலைக்கு உட்கார முடியவில்லை. அவருக்கும் யோகப்பிரியா என்று ஒரே மகள். இப்படி ஒரு மாப்பிள்ளையை வேறொருவன் காரில் வந்து அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? மறுநாளே காளிச்சாமியைத் தூது விட்டார். ஜாதகம் பொருந்தியது. கல்யாணம் ஜோராக நடந்தது. வயிற்றெரிச்சலில் ஒரு நல்ல காரியம் நடந்தது என்றால் அது அந்தக் கல்யாணம்தான்.

அடுத்த வருஷமே பேத்தி பிறந்தாள். தன்ஷிகா என்று பேர் வைத்தார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கதை முடியாது. பால் குடித்துவிட்டு வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு ஒன்று போதும், எப்பேர்ப்பட்ட கல்லும் கரைந்துவிடும். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே. ஆகையால் குழந்தை ஐந்து மாசம் சென்னிமலையின் வீட்டில் இருந்தது. அம்மாவைப் பெற்ற தாத்தாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம், அப்பாவைப் பெற்றவரை அப்பாரு என்போம். அப்புச்சி காலையில் கடைக்குக் கிளம்புமுன் குழந்தையின் கையைப் பிடித்துக் கல்லாப்பெட்டிச் சாவியைத் தொட வைப்பார். அன்றைக்கு இரண்டு மூட்டை கூடுதலாக விற்றுவிட்டால் போதும், தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுவார்.

"என்ற பேத்தி கைராசி அப்பிடி! தொட்டதெல்லாம் தொலங்குது."

"ஆமாங்க சம்மந்தி," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "நம்ம பேத்திக்கு நெம்ப நல்ல கை."

'நம்ம' என்று சொன்னதில் சென்னிமலையின் சந்தோஷத்தில் பாதி போய்விடும்.

ஆறாம் மாசம் குழந்தையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தது. அன்றிலிருந்து முக்கும் அவனுக்கே, பேத்தியும் அவனுக்கே என்கிற மாதிரி சென்னிமலைக்கு ஆகிப்போனது. தகரத்துக்கு அந்தப் பக்கம், சாயங்காலம் பிரதீப் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவான். "அப்பாரு பாரு, அப்பாரு பாரு" என்று பூபதிராஜா கொஞ்சுவார். குழந்தை கிளுக்கென்று சிரிக்கும். இந்தப் பக்கம் சென்னிமலை தராசுத் தட்டை வேண்டுமென்றே தரையில் டணாரென்று போடுவார்.

புதுக் கட்டிடம் ஒருவழியாக முடிந்தது. நீல பெயிண்ட் அடித்து, மாடி எழுப்பி, கக்கூஸ் எல்லாம் கட்டி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முக்குக் கடை முன்னைவிடப் பெரிசு. அதற்கு ஒன்றாம் நம்பர். முன்வரிசை எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாம் நம்பர் மாடிப்படிக்குப் பின்னால், சந்துப் பக்கம் பார்த்த மாதிரி ஒளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லாரும், "இது எந்தப் பாவிக்கு உளுகுதோ" என்று பேசிக்கொண்டார்கள்.

நறுக்கெடுப்புக்கு முந்தின கூட்டத்தில், சீட்டை யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. ஒன்றும் அறியாத சின்னக் குழந்தை கை எடுக்கவேண்டும் என்பது வழக்கம். பள்ளிக்கூடத்தில் போய் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார் காளிச்சாமி.

சென்னிமலை எழுந்து நின்றார். "பள்ளிக்கோடத்துப் புள்ளைக்கு எழுத்துப் படிக்கத் தெரியும். ஒண்ணும் அறியாத கொழந்தைன்னா என்ற பேத்திதான். அவளே எடுக்கட்டும்."

"ஏனுங்க, அது ஏழு மாசக் கொழந்தை. வாயில இருந்து வெரலை எடுக்கவே தெரியாதுங்களே."

"எல்லாம் எடுப்பா. அவ கைராசி உங்களுக்குத் தெரியாது."

எல்லாரும் பூபதிராஜாவைப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "கொழந்தை எடுத்தா எனக்கும் சந்தோசந்தானுங்க" என்றார். ஐந்து மாசம் என் மடியில் கிடந்த குழந்தை எனக்குத்தான் எடுத்துக் கொடுக்கும் என்று சென்னிமலை மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார். கோயிலில் இதற்காக ஒரு தேங்காயும் உடைத்திருந்தார்.

நறுக்கெடுப்பு, புதுக் கட்டிடத்து வராந்தாவிலேயே நடந்தது. பஞ்சாயத்து ஓவர்சியர் சிஜி வந்திருந்தாள், சின்ன வயசுப் பெண், மலையாளத்துக்காரி. எவர்சில்வர் போசிப் பாத்திரம் ஒன்றில் நம்பர் எழுதின சீட்டுகளைச் சுருட்டிப் போட்டார்கள். யோகப்பிரியா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். பழைய வரிசையில் கடைசிக் கடைக்காரரிலிருந்து ஒவ்வொருவராகப் பேர் சொல்லுவார்கள். போசியைக் குழந்தையின் முன்னால் நீட்டுவார்கள். முதலில் அதற்குப் போசிமேல்தான் ஆசை வந்தது. அப்புறம் எப்படியோ ஒவ்வொரு சீட்டாகப் பிடித்து இழுத்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். காளிச்சாமிக்கு மூன்று விழுந்தது. தையல் கடை கத்தரீனாளுக்கு ஆறு விழுந்தது. முக்கு யாருக்கும் விழவில்லை. ஒன்பதும் விழவில்லை.

கடைசியில் போசியில் இரண்டு சீட்டு, ஊரில் இரண்டு பேர்.

"சென்னிமலை," என்று சிஜி கூப்பிட்டாள்.

சென்னிமலை குழந்தையின் முன்னால் குனிந்து, "கண்ணு, அப்புச்சிக்குடா கண்ணு" என்றார். குழந்தை அவரைப் பார்த்தது. வாயைக் கோணிச் சிரித்தது. போசிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை இறுகப் பிடித்தது. சென்னிமலை இரண்டு கையையும் ஏந்தினார். குழந்தை சீட்டை அழகாக வாயில் போட்டுக்கொண்டது.

"அய்யோ சேட்டா, முழுங்கியோ!" என்று சிஜி கத்தினாள். யோகப்பிரியா விரலை விட்டுத் துழாவி எடுத்துப் போட்டாள். கூழாகிப்போன காகிதம். மை கரைந்து நீலத் துப்பலாக ஒழுகியது. சென்னிமலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"அதுக்கென்னங்க," என்றார் காளிச்சாமி. "போசியில மிச்சம் இருக்கறதைப் பிரிச்சாத் தெரிஞ்சு போவுது."

பிரித்தார். ஒன்றாம் நம்பர்.

ஆகவே, குழந்தை மென்றது ஒன்பது. முக்கு மறுபடியும் பூபதிராஜாவுக்கு. யாரோ பின்னாலிருந்து, "அப்புச்சிக்கு ஒம்போதைக் கண்ணுல காட்டவே கொழந்தைக்கு மனசு வரலையப்பா" என்றதும் வராந்தாவே சிரித்தது. பூபதிராஜாகூடச் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தத் துண்டைப் பார்த்ததும் சென்னிமலைக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இது செல்லாது!" என்றார். "வாயில போட்டு மென்னதெல்லாம் நறுக்கா? நம்பர் தெரியாத சீட்டு சீட்டே இல்லை. அந்தக் கொழந்தை கை செல்லாது. மறுக்கா எடுக்கோணும். பெரியவங்க எடுக்கோணும்!"

"அப்பா..." என்றாள் யோகப்பிரியா.

"நீ கம்முனு இரு. கொழந்தை கை செல்லாதுன்னாச் செல்லாது."

சிஜி யோசித்தாள். இரண்டு பேருக்கும் சம்மதமென்றால் மறுபடி எடுக்கலாம் என்றாள். பூபதிராஜா எழுந்து நின்று, "சம்மந்தி ஆசைப்படறாருங்க. மறுக்கா எடுங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். சண்டைக்கு வந்திருந்தாலாவது சென்னிமலைக்கு மனசு ஆறியிருக்கும்.

இரண்டு சீட்டை மறுபடி எழுதிப் போட்டார்கள். காளிச்சாமி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சென்னிமலைக்கு ஒன்று. பூபதிராஜாவுக்கு ஒன்பது.

இத்தனை வருஷம் ஏங்கின முக்கு கைக்கு வந்துவிட்டது. சென்னிமலை திரும்பி மகளைப் பார்த்தார். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

திறப்புவிழா வரைக்கும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ஷட்டருக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்தார். பழைய போர்டை வீட்டில் மாட்டுத்தொட்டிமேல் மூடியாகப் போட்டுவிட்டு, சொந்தக் காசில் புதுசு எழுதினார். முக்கில் நின்றுகொண்டு, ரோட்டில் போகிறவன் வருகிறவனையெல்லாம் "வாங்க, வாங்க" என்றார். அந்தப் பக்கம் மாடிப்படிக்குப் பின்னால் சுவக்கீன் ஆசாரி பூபதிராஜாவுக்குப் பலகை அடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு பூபதிராஜா பேசிச் சிரிக்கிற சத்தமும் கேட்கும். ஒன்பதாம் நம்பர் விழுந்தவனுக்கு என்ன சிரிப்பு? அதைக் கேட்கக் கேட்கச் சென்னிமலைக்கு முக்கில் நிற்கிற சந்தோஷம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம், யாரும் இல்லாத சமயம் பார்த்து, சந்துப் பக்கம் போய் எட்டிக்கூடப் பார்த்தார். நிழலாக, குளுகுளுவென்று இருந்தது. அதுவும் எரிந்தது.

திறப்புவிழா அன்று காலையில் எல்லாக் கடைக்கும் ஒரே முகூர்த்தம். சாமி கும்பிட்டுச் சூடம் காட்டியதும் நல்ல கை ஒன்று முதல் வியாபாரம் பண்ணவேண்டும். அந்தப் போணி நன்றாக அமைந்தால்தான் கடை விளங்கும். முந்தின நாளே சென்னிமலை மகளுக்குப் போன் போட்டார்.

"கண்ணு, நாளைக்குக் கொழந்தையைத் தூக்கிட்டு வந்துரு. அவ கையில ஒரு ரூபா குடுத்து அப்புச்சி கடையில போணி பண்ணச் சொல்லு."

"அவ கை செல்லாதுங்கப்பா," என்றாள் யோகப்பிரியா.

"என்ன கண்ணு..."

"நான் சொல்லலீங்க. ஊரு முன்னால நீங்கதான் சொன்னீங்க. செல்லாத கையை வெச்சுப் போணி பண்ணி, நாளைக்குக் கடை ஓடலைன்னா எம் புள்ளையைச் சொல்லுவீங்க. வேண்டாங்கப்பா." வைத்துவிட்டாள்.

கோபத்தில் சொல்லியிருப்பாள், விடிந்தால் வந்துவிடுவாள் என்று சென்னிமலை நினைத்தார். விடிந்தது. சூடம் காட்டினார். இரண்டு ஷட்டரையும் தூக்கினார். பட்டுச் சட்டை போட்ட குழந்தையோடு யோகப்பிரியா வந்தாள். அவருடைய முதல் ஷட்டரைத் தாண்டினாள். இரண்டாவது ஷட்டரையும் தாண்டினாள். மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு ஷட்டர் இருந்ததால் அவள் போனதை அவர் இரண்டு தடவை பார்க்கவேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கத்தரீனாள் கோழித்தீவனம் கேட்டு வந்தாள்.

"சித்த பொறுங்க. இன்னும் போணி ஆகலை."

"அதான் நான் பண்றேங்கறேன்."

"பொறுங்க, ஒரு கைக்குப் பாத்துட்டிருக்கேன்."

"என் கைக்கு என்ன குஷ்டமா?" என்று கேட்டுவிட்டு அவள் விருட்டென்று போனாள். அடுத்து வந்தவனும் போனான். அதற்குள் பஸ் வந்தது. இறங்கின கூட்டம் முக்கில் நின்று, "பூபதி கடை எங்கீங்க?" என்று அவரையே கேட்டது. அவர் கையை நீட்டி வழி காட்டினார். உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம். குழந்தை எதையோ தட்டுகிற சத்தம்.

சென்னிமலை எழுந்தார். இரண்டு ஷட்டரையும் திறந்துபோட்டபடியே நடந்தார்.

ஒன்பதாம் நம்பரில் குழந்தை பூபதிராஜாவின் மடியில் உட்கார்ந்து, ஒரு ரூபாய்க் காசால் தராசுத் தட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை அந்தத் தட்டில் பட்டதைப் பார்த்ததும், இத்தனை வருஷமாக முக்கைப் பார்த்து எரிந்த எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இது வேறு எரிச்சல். இது நெஞ்சுக்குள் எரிந்தது.

"சம்மந்தி," என்றார். "நறுக்கு எடுத்தது என்ற பேத்தி. அவ எடுத்தது ஒம்போது. அவ கை எடுத்தது செல்லும். முக்கு உங்களுது, இது என்னுது."

பூபதிராஜாவுக்கு முதல் தடவையாக முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னுங்க வெளையாடறீங்க? சுவக்கீன் பலகையெல்லாம் அடிச்சு முடிச்சாச்சு. சரக்கு எறக்கியாச்சு. இப்பப் போணியும் ஆயாச்சு."

"பலகையைக் கழட்டறதுக்கு ஆகற செலவை நான் தர்றேன்."

"செலவை ஆரு கேட்டாங்க? இங்க நெழலா, நல்லாத்தானே இருக்குது."

"நல்லா இருக்குதுன்னுதானே கேக்கறேன்!" என்று சென்னிமலை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். காளிச்சாமி டீ கிளாஸோடு அங்கே வந்து நின்றிருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இதைப் பெருந்தன்மை என்று சொன்னால் பொய் சொன்னதாகும். ஒரு பொறாமையை இன்னொரு பெரிய பொறாமை வந்து விழுங்கியது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் யோகப்பிரியாவுக்கு அது போதும்போல இருந்தது. குழந்தையை மாமனார் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நெசமாத்தானாப்பா? நாளைக்கு மறுக்கா முக்கு வேணும்னு கேக்கமாட்டீங்களே?"

"கேட்டா என்னைச் செருப்பால அடி."

"அதெல்லாம் வேண்டாம். இவளை மறுபடி உங்க ஊட்டுக்கு அனுப்பமாட்டேன், அவ்வளவுதான்."

பூபதிராஜா மருமகள் முகத்தைப் பார்த்தார், சம்பந்தி முகத்தைப் பார்த்தார், அடித்து முடித்த பலகைகளைப் பார்த்தார். "சுவக்கீனைக் கூப்புடுங்க," என்று பெருமூச்சு விட்டார்.

அன்று மத்தியானம் வரைக்கும் காம்ப்ளெக்ஸே மூட்டை சுமந்தது. பருப்பு வெளியே போனது, புண்ணாக்கு உள்ளே வந்தது. வராந்தாவில் பூபதிராஜாவின் மிளகாய் மூட்டை ஒன்று கிழிந்து எல்லாரும் தும்மினார்கள். சிஜி வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து வந்து பஞ்சாயத்தில் சொல்லிவிட்டால் சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, குழந்தை அப்புச்சி கடையில் ஒரு ரூபாய்க்குப் போணி பண்ணியது. என்ன வாங்கியது என்று கேட்கக்கூடாது. ஒரு பிடி பருத்திக்கொட்டை. வீட்டில் மாட்டுக்குப் போட்டார்கள்.

ஒன்பதாம் நம்பர் தீவனத்துக்கென்றே கட்டின மாதிரி இருந்தது. சாரல் அடிக்காது. சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுத்துவந்து வாசலிலேயே மூட்டை இறக்கலாம். முக்கில் பூபதிராஜாவின் கடை எப்போதும்போல ஜேஜே என்று இருக்கும். வராந்தா வழியாகப் போகும்போது அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சென்னிமலைக்கு இப்போதும் சுருக்கென்று ஒன்று குத்தத்தான் செய்யும். வள்ளியாத்தாளிடம் அதைச் சொல்லவும் செய்வார். அவள் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள்.

ஆனால் ஒன்று நடந்தது. மத்தியானம் யோகப்பிரியா குழந்தையோடு கடைத்தெருவுக்கு வந்தால், முக்கில் குழந்தை கண் மூடாது. பஸ் ஹாரன், லாரிச் சத்தம், ஆட்டோக்காரர்கள் சண்டை. அப்பாரு எத்தனை தட்டிக்கொடுத்தாலும் அழுகைதான். அப்புச்சி கடைக்கு வந்து, தவிட்டு மூட்டைமேல் துணியை விரித்துப் போட்டால், இரண்டு நிமிஷத்தில் கையை விரித்துக்கொண்டு தூங்கிவிடும். தவிடு மெத்துமெத்தென்று இருக்கும். சந்துக் காற்று லேசாக வரும்.

முதல் நாள் பூபதிராஜா, "கொஞ்சம் சில்லறை இருக்குதுங்களா?" என்று கேட்டு வந்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் சில்லறையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அதற்கு மறுநாள் கயிறு கேட்டு வந்தார். அவருடைய கடையிலேயே கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"முழிச்சா என்ற கடைக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க," என்றார் மெதுவாக, குழந்தையின் கால்விரலைத் தொடாமல் தொட்டபடி. அவர் முகத்தில் ஒரு மாதிரி ஏக்கம் இருந்தது. சென்னிமலைக்கு அது நன்றாகவே அடையாளம் தெரிந்தது. எத்தனையோ வருஷம் அதே முகத்தோடுதான் அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"இப்பத்தானுங்க சம்மந்தி தூங்குனா. மெதுவாப் பேசுங்க," என்றார். "அங்க உங்க கடையில ஆள் நிக்குதுங்க பாருங்க. நீங்க போயி யாவாரத்தைப் பாருங்க."

பூபதிராஜா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் தலை மாடிப்படியைத் தாண்டியதும், சென்னிமலை சத்தமில்லாமல் எழுந்து போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். குழந்தை கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்று கேட்டவர்களிடம் சொன்னார்.